குடிக்காமலே சிவந்தவர்கள்

ஊய்காசி
3 செப்டம்பர் 1975

அன்புத் தம்பி கெர்கூரிக்கு, அக்கா பிராஸ்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் தமாராவும் சுகந்தானே? உன் இடுப்பு வலி தேவலையா? பீருக்கான ஹாப்ஸ் கொடி பறிப்பு முடிய இன்னும் பத்து நாளாகும். கையெல்லாம் கீறல். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வெரூக்குக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் பெயர் அர்காதி. நம் பிறந்த ஊர் அன்சிர்மாதான், மாவு ஆலைக்காரி மாரினேயின் மகன். ஈஸ்டர் கழிந்து கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். சின்னவளுக்கு முதலில் முடிப்பது சரியா என்று ஊர் கேட்கிறது. பெரியவள் லிசுக் நகரத்தில் வேலையாக இருக்கிறாள், அவள் அவசரப்படவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

லிசுக்கைப் பற்றித்தான் கேட்க வேண்டும். உன்னை நம்பித்தான் போன வருஷம் அவளை உன் ரசாயன ஆலையில் சேர்த்துவிட்டேன். போன வாரம் பால் நிலையத்து ஸோயா நகரத்துக்கு வந்தவள், அவளைச் சந்தையில் பார்த்தாளாம். "வேலை நாள்ல இங்க என்னடி பண்றே?"ன்னு கேட்டதுக்கு, "என்னைப் பாதியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றாளாம். ஏன் அனுப்பினார்கள்? கேட்டு எழுது. கடிதத்தை அவள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்.

உன் அக்கா,
பிராஸ்கி


நகரம்
21 செப்டம்பர் 1975

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி கெர்கூரியின் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். என் இடுப்பு பரவாயில்லை. தமாரா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். வெரூக்கின் செய்தி கேட்டு மகிழ்ச்சி. மாரினே நல்லவள், வாய்தான் கொஞ்சம் நீளம்.

லிசுக் நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான். பாட்டில் கழுவும் பகுதியிலிருந்து பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். அது இலகுவான வேலை. ஸோயா பேச்சையெல்லாம் நீ நம்புவாயா? அவள் பாலில் தண்ணீர் ஊற்றுகிறவள், பேச்சில் மட்டும் ஊற்றாமலிருப்பாளா?

வோல்காவில் மீன் வரத்து நன்றாக இருக்கிறது. உப்புப் போட்டு அனுப்புகிறேன்.

உன் தம்பி,
கெர்கூரி


ஊய்காசி
4 அக்டோபர் 1975

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசிகள். இங்கே சுகம், அங்கே சுகமென்று நீ எழுதியதைப் படித்தேன்.

என் மகளைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டு மீனுக்குத் தாவிவிட்டாய். லிசுக் தன் தங்கைக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். வெரூக் அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். நான் எடுத்துப் படித்தேன், வெட்கப்படவில்லை. தலைக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கிறதாம். சுடுநீரில் குளித்தால் கால் விரல்கள் தீயாக எரிகிறதாம். உதடு நாவல் நிறத்துக்கு வருகிறதாம். மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னால், "ஏம்மா, நேத்து எத்தனை குப்பி? மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருக்கே" என்று சிரித்தாராம். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள், மை கலைந்திருக்கிறது.

உன் ஆலையில் என்ன காய்ச்சுகிறீர்கள்? கேட்டவர்களுக்கெல்லாம் "சாயம்" என்கிறாய். சாயம் காய்ச்ச மூன்று வேலியும் காவலும் எதற்கு? அந்தப் பக்கம் போகிற வாத்துக்கூடச் செத்து மிதக்கிறதென்று ஊரே பேசுகிறது. ஆலை கொடுக்கும் புது வீட்டு வரிசையில் உனக்கு எத்தனையாவது இடம்? அதை யோசித்துத்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறாயா?

பிள்ளையை நல்ல டாக்டரிடம் காட்டு. ஆலை டாக்டரிடம் வேண்டாம்.

பிராஸ்கி


நகரம்
26 அக்டோபர் 1975

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுத முடியவில்லை, மன்னித்துவிடு. லிசுக் பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பயப்படாதே, எழுந்து நடக்கிறாள், சாப்பிடுகிறாள்.

பார்ப்பவர் தாயிசியா பெத்ரோவ்னா என்ற டாக்டர். ஆலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, ரத்த நோய்கள் மட்டுமே பார்ப்பவர். பெண்ணுக்குப் பதின்மூன்று, பதினான்கு இருக்க வேண்டிய ரத்த அளவு இவளுக்கு இருபத்தொன்று இருக்கிறதாம். நமக்கெல்லாம் ரத்தம் இல்லையென்றுதான் நோய் வரும். இவளுக்கு மிதமிஞ்சி இருக்கிறது, கெட்டியாக, கூழ் போல. கையிலிருந்து அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தார்கள். எடுத்த மறுநாள், "மாமா, தலைக்குள்ள ஜன்னல் தெறந்த மாதிரி இருக்கு" என்றாள்.

டாக்டர் என்னிடம் இரண்டு வகைக் கேள்வி கேட்டார். ஆலையில் அவள் எதை முகர்ந்தாள், எதைத் தொட்டாள், கூட வேலை செய்தவர்களுக்கு இப்படி உண்டா என்பது ஒன்று. நம் குடும்பத்தில் சிறு வயதில் யாராவது இறந்தார்களா, சிவந்த முகம், தலைவலி, பக்கவாதம் உண்டா என்பது இன்னொன்று. நம் பக்கமும் உன் கணவர் செமியோன் பக்கமும் கேட்டார். செமியோன் ஆற்றில் மூழ்கியவர் என்றேன். நம் அண்ணன் யாக்குர் குடித்துச் செத்தவன், அது இதில் சேராது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குடிச்சதை யாரு பார்த்தாங்க?" என்று கேட்டார். அப்போது நான் பட்டாளத்தில் இருந்தேன் என்றேன். "அப்போ பார்த்தவங்ககிட்ட கேட்டு எழுதுங்க" என்றார்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். உன் ரத்தமும் வெரூக்கின் ரத்தமும் கொஞ்சம் வேண்டுமாம். ஊர் மருந்தக நர்ஸே எடுத்து அனுப்பலாம்.

உன் தம்பி,
கெர்கூரி


ஊய்காசி
30 அக்டோபர் 1975

தம்பிக்கு.

நம் குடும்பத்தில் யாருக்கும் எந்த நோயும் இருந்ததில்லை. அப்பா எழுபத்தொன்றில் போனார். அம்மா அறுபத்தெட்டு. ரத்தம் தர மாட்டேன், வெரூக்கும் தர மாட்டாள். நர்ஸின் நாத்தனார் அன்சிர்மாக்காரி. காலையில் ஊசி குத்தினால் மத்தியானம் மாரினே வீட்டு அடுப்படியில் பேச்சு நடக்கும். கல்யாணம் நின்றால் உன் டாக்டர் வந்து மாப்பிள்ளை தேடுவாளா?

எனக்கொன்று தோன்றுகிறது. குற்றம் நம் ரத்தத்தில் என்று எழுதிவிட்டால் ஆலை கைகழுவிக்கொள்ளும். அதற்குத்தான் உன்னிடம் நைச்சியமாகக் கேட்கிறார்கள். நீயும் தலையாட்டுகிறாய்.

செத்துப் பதினேழு வருஷமானவனைப் பற்றி வெளியாளிடம் ஏன் பேசினாய்? அவனை விடு. பிள்ளையை ஊருக்கு அனுப்பு.

பிராஸ்கி


நகரம்
17 நவம்பர் 1975

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள். லிசுக் வீடு திரும்பிவிட்டாள். இரண்டு மாதத்துக்கொருமுறை போய் ரத்தம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீ எனக்குப் பதில் எழுத எப்போதும் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வாய். இந்த முறை நாலே நாளில் எழுதிவிட்டாய். நலம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டாய். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் புரட்சி விழாவுக்கு அன்சிர்மாவின் எஃப்ரெம் கிழவர் மகனைப் பார்க்க இங்கே வந்திருந்தார். யாக்குர் அண்ணனோடு டிராக்டர் ஓட்டியவர். பேச்சோடு பேச்சாக, "அன்னிக்கு அண்ணன் உங்க கூடத்தானே குடிச்சுச்சு?" என்று கேட்டேன். கிழவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "யாக்குரா? எங்க கூடவா? டேய், அவன் கல்யாண வீட்டு பீரையே மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்குவான். தலை வெடிக்கும்பான். குளத்துல அட்டை பிடிச்சுக் கழுத்துல விட்டுக்குவான், அப்பத்தான் லேசா இருக்கும்பான். அவனா குடிச்சான்?"

அக்கா, 1958 ஜனவரியில் பட்டாளத்துக்கு நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "டிராக்டர்காரர்களோடு குடித்துவிட்டு ஹாப்ஸ் உலர்த்தும் கொட்டகையில் விழுந்து விறைத்துப்போனான்" என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தால் நான் இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. என் கல்யாணத்திலேயே நான் பீர் குடிக்கவில்லை என்று பெண் வீட்டார் கோபித்துக்கொண்டது உனக்குத் தெரியும்.

யார் உனக்குச் சொன்னது, அவன் குடித்தான் என்று?

கெர்கூரி


ஊய்காசி
19 டிசம்பர் 1975

தம்பிக்கு.

உன் கேள்வி வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் லிசுக்கிடமிருந்து வெரூக்குக்கு இன்னொரு கடிதம் வந்தது. இந்த முறை வெரூக்கே கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

ஆலையில் அவள் பேரில் ஒரு தாள் இருக்கிறதாம். "லிசவேதா செமியோனவ்னா மது அருந்திய நிலையில் வேலைக்கு வந்தார்" என்று தட்டச்சு செய்திருக்கிறதாம். கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உன்னுடையது. வேலை மாற்றலுக்குக் கோப்பைப் பிரித்தபோது அவள் கண்ணால் பார்த்தாளாம். உன் வீட்டில் உட்கார்ந்து உன் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டு, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "மாமா எங்கிட்ட நல்லாத்தான் இருக்காரு, அதனால கேக்க பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறாள்.

என்னைக் கேள்வி கேட்பவன் நீ.

பிராஸ்கி


நகரம்
28 டிசம்பர் 1975

அக்காவுக்கு.

அது உண்மை. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். அவள் வேலையில் மயங்கி விழுந்திருந்தாள். "இங்க பாரு கெர்கூரி, ஆலையால மயக்கம்னு எழுதினா மேலேர்ந்து விசாரணை வரும், பிரிவையே மூடுவான். குடிச்சிருந்தான்னு எழுதினா ஒரு கண்டிப்போட போயிடும். உன் பொண்ணுதானே, நீயே போடு கையெழுத்து" என்றார். புது வீட்டு வரிசையில் நான் நாலாவது. அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவுமில்லை. நான் போட்டேன். நீ முதல் கடிதம் எழுதியபோதே அந்தத் தாள் கோப்பில் இருந்தது.

அவள் வாயில் எந்த வாடையும் இல்லை. அவளைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தவன் நான். எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த மறுநாள் தலைவரிடம் போனேன். என் கையெழுத்து பொய் என்று எழுதிக் கொடுத்தேன், டாக்டரின் சீட்டையும் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வரிசையில் இப்போது என் பெயரே இல்லை. தமாரா புது வீட்டுக்கென்று வாங்கிய திரைச்சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். லிசுக்கிடமும் சொன்னேன். "சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் தேவலை.

ஆலையைப் பற்றி டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் சொன்னது: "காரணம் ரத்தத்துல. அது அம்மா பக்கம் பாதி, அப்பா பக்கம் பாதி, ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு. ஆனா உங்க ஆலைக் காத்து நல்ல காத்துன்னு நான் எழுதித் தரமாட்டேன். புகை, தண்ணி குடிக்காம வேர்த்து வேலை செய்யறது, கொதிக்கிற குளியலறை, எல்லாமே கெட்டி ரத்தத்தை இன்னும் கெட்டியாக்கும். உங்க பக்கத்து ஊர்கள்லேர்ந்து எனக்கு இது ஒன்பதாவது ஆள்."

ஆலைக்காக அவர் பேசவில்லை, அக்கா. நான்தான் பேசினேன்.

என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

கெர்கூரி


ஊய்காசி
11 ஜனவரி 1976

தம்பி கெர்கூரிக்கு, அக்கா பிராஸ்கி எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும்.

அன்று என் மாமியார் வீட்டில் விருந்து. கிறிஸ்துமஸ் கழிந்த வாரம், மத்தியானம். உள்ளே பதினைந்து பேர், கறி அடைத்த ஹூப்லு ரொட்டியை அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தேன். யாக்குர் அண்ணன் அன்சிர்மாவிலிருந்து நடந்து வந்திருந்தான். படலைத் திறக்க வரவில்லை அவனுக்கு. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை இழுத்தான். முகம் எப்போதையும்விடச் சிவப்பு, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தான், "ப்ரா, ப்ரா" என்றுதான் வந்தது.

ஜன்னல் வழியாக என் மாமியார் பார்த்துவிட்டாள். "வந்துட்டான் பாரு உங்கண்ணன், நல்லா ஏத்திக்கிட்டு" என்றாள். உள்ளே சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் முகம் என் முகத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் இருந்தது. மூச்சு என் மேல் பட்டது. வாடையே இல்லை, கெர்கூரி. பால் குடித்த பிள்ளையின் வாய் போலிருந்தது.

எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், எல்லோர் காதிலும் விழட்டுமென்று, "போ, தூங்கித் தெளிஞ்சு வா" என்று சொன்னேன். அவனைத் திருப்பிவிட்டேன். கையை வைத்து முதுகில் தள்ளினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், கோபமில்லை, புரியாமல் பார்த்தான். கொட்டகைவரை போயிருக்கிறான். இருட்டுவதற்கு முன்னால் கண்டுபிடித்தபோது உயிர் இல்லை.

யாரும் எனக்குச் சொல்லவில்லை, அவன் குடித்தான் என்று. நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். அப்பாவுக்கும், உனக்கும், பாதிரியாருக்கும். அப்பா சாகும்வரை அவன் பேரை எடுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. லிசுக் ஆறு மாதக் குழந்தையாயிருந்தபோதே அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவனைப் பார்ப்பது போலிருந்தது. பதினெட்டு வயதில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஊரார் "மாமன் மாதிரி" என்று சொல்வதற்கு முன்னால் அவளை உன்னிடம் அனுப்பினேன். வேலைக்காக அல்ல. பிறகு ஆலைதான் காரணம் என்று உன்னோடு சண்டை பிடித்தேன். நான் சண்டை பிடிக்கும்போது அதை நம்பவும் செய்தேன்.

ரத்தம் தருகிறேன். அதற்கு முன்னால் மாரினேயிடம் நானே போய்ச் சொல்வேன்.

அக்கா


நகரம்
8 மார்ச் 1976

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் லிசுக்கின் முத்தங்கள். நான் நலம். நீயும் வெரூக்கும் நலமா? மகளிர் தினத்துக்கு மாமா எனக்கும் அத்தைக்கும் மிமோசா பூ வாங்கி வந்தார்.

மாமாதான் எழுதச் சொன்னார். உன் ஜனவரிக் கடிதத்தை அவர் எனக்கு இன்னும் காட்டவில்லை. அதை வாசித்த நாள் எழுந்து நேராக வோல்கா பக்கம் போனவர், சாயங்காலம்தான் வந்தார். "அக்காவுக்கு எழுதலையா மாமா?"ன்னு கேட்டால், "எழுதலாம்" என்கிறார். இரண்டு மாதமாகிறது. அதில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியதா? அப்படியானால் எனக்கே எழுது, அம்மா. என்னிடம் சொல்லாமல் என்னைப் பற்றி எல்லோரும் எழுதிக்கொள்வது போதும்.

நீங்கள் அனுப்பிய ரத்தத்தைப் பார்த்துவிட்டார்கள். உனக்கும் வெரூக்குக்கும் அளவு சரியாக இருக்கிறது. ஆனால், "ஒளிஞ்சிருக்கிறதைப் பார்க்க இன்னும் கருவி வரல. உங்க அம்மாகிட்ட கண்டிப்பா ஒளிஞ்சிருக்கு. உங்க தங்கச்சி, தெரியாது" என்று டாக்டர் சொன்னார். நான் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "கட்டிக்கப் போறவன் எந்த ஊர்னு முதல்ல சொல்லு" என்று சிரித்தார். பக்கத்து ஊர்க்காரன் மட்டும் வேண்டாமாம்.

நான் வேலையை விட்டுவிட்டேன். ஏப்ரலிலிருந்து டாக்டரின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போகிறேன்.

லிசுக்


ஊய்காசி
25 ஏப்ரல் 1976

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஈஸ்டர் வாழ்த்துகள். இங்கே சேறு இன்னும் காயவில்லை. நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். லிசுக்குக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

ரத்தம் கொடுப்பதற்கு முதல் நாள் மாரினேயிடம் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், யாக்குர் விஷயம் முதல் லிசுக் விஷயம் வரை. கல்யாணத்தை நிறுத்திக்கொள்வதானால் இன்றே சொல்லிவிடு என்றேன். அவள் கையை மாவிலிருந்து எடுக்கவேயில்லை. பிசைந்தபடியே, "உங்க யாக்குரு குடிக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பிராஸ்கி" என்றாள். "எப்படி?" என்றேன். "எங்கூட்டுக்காரர் தம்பி பியோதர் இருந்தானே, அவனும் இப்படித்தான் போனான். அவனும் குடிக்கல. நாங்களும் குடிச்சான்னுதான் சொன்னோம். வேற என்ன சொல்றது? குடின்னா ஊரு மன்னிச்சிரும். ரத்தம்னா பொண்ணு குடுக்க மாட்டான்."

பிறகு எனக்கு ஒரு முக்காலியைக் காலால் நகர்த்தினாள்.

இரண்டு வீட்டிலும் ஒளிந்திருக்கலாம் என்று அர்காதியிடமும் வெரூக்கிடமும் இருவரும் சேர்ந்து சொன்னோம். டாக்டர் ஊருக்கு வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். வெரூக் அழுதாள். பிறகு என்னிடம் வந்து, "இன்னும் என்னம்மா இருக்கு, எங்கிட்ட சொல்லாதது?" என்று கேட்டாள். இனி ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

டாக்டர் மே பதினொன்றாம் தேதி வருகிறார். இளவயதில் இறந்தவர்களின் பட்டியல் கேட்டிருந்தார். நானும் மாரினேயும் உட்கார்ந்து எழுதினோம். இரண்டு ஊரிலுமாகப் பதினான்கு பெயர். பதினொரு பேர் குடிகாரர்கள் என்று ஊர் சொன்னவர்கள். எத்தனை பேர் உண்மையில் குடித்தார்களோ தெரியாது. முதலில் யாக்குரை எழுதினேன். இறந்த காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மாரினே, "எழுது" என்றாள். "அக்கா வெளியே அனுப்பினாள்" என்று எழுதினேன். அவள் வாங்கி அதை அடித்துவிட்டு, "பக்கவாதம்" என்று எழுதினாள். அடித்தது நன்றாகத் தெரியும்படியே இருக்கிறது. அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
பிராஸ்கி


நகரம்
4 மே 1976

அக்காவுக்கு,

பட்டியலை டாக்டர் காட்டினார். பதினொன்றாம் தேதி அவரோடு நானும் லிசுக்கும் வருகிறோம். என் ரத்தத்தையும் அங்கேயே எடுத்துக்கொள்ளட்டும்.

உன் வீட்டில் தங்குவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எஃப்ரெம் கிழவர் வீட்டில் இடம் கேட்டிருக்கிறேன். ஆனால் பேருந்து நிற்குமிடத்துக்கு நீ வா.

கெர்கூரி